ஃபேனைப் போட்டுப் பாருடா!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, காதலைப் பற்றியோ ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியோ எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அவற்றை எழுத என்னைவிடத் திறமைசாலிகள் நம் கல்லூரியில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் இருட்டைப் பற்றி எழுதுகிறேன். ‘என்னடா இது, மெக்கானிக்கல் பையன் இருட்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்த இருட்டில் என் அம்மாவின் மானமும் அடங்கியிருக்கிறது.

என் அம்மா ஓசூர்ப் பக்கம் ஒரு பூப் பண்ணையில் கூலி வேலை செய்கிறார். பண்ணை என்றால் திறந்த வயல் இல்லை, பாலிஹவுஸ். உள்ளே மேடைப் பாத்திகளில் கொத்துச் சாமந்தி. நாம் ஆயுத பூஜைக்கு முழம் போட்டு வாங்கும் சாமந்தி இல்லை. கல்யாண மேடை அலங்காரத்துக்குக் காம்போடு வெட்டி பெங்களூருக்கு அனுப்பும் ரகம்.

சாமந்திக்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. அது பூப்பதற்கு உரத்தையும் தண்ணீரையும் மட்டும் பார்ப்பதில்லை, இரவின் நீளத்தையும் பார்க்கிறது. இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும், இரவு குறுகினால் இலையாக வளர்ந்துகொண்டே போகும். இதனால்தான் தோட்டத்துச் சாமந்தி மழையும் பனியுமான மாதங்களில் பூத்துக் குலுங்குகிறது. ஆனால் கல்யாணம் வைகாசியிலும் வருமே! அப்போது பூ வேண்டுமென்றால் செடியை ஏமாற்ற வேண்டும்.

எப்படி ஏமாற்றுவது? நாற்று நட்ட முதல் நாலு வாரம் நடு இரவில் பல்பு எரிய விடுவார்கள். இரவு இரண்டு துண்டாவதால் செடி பூவை மறந்து உயரமாக வளரும். போதுமான உயரம் வந்ததும் பல்பை நிறுத்திவிட்டு, மாலை ஐந்து மணிக்கே பாத்திகளின் மேல் கறுப்புத் துணியைக் கூடாரம் போல இழுத்து மூடுவார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். பதினாலு மணி நேரம் கும்மிருட்டு. தினமும் இப்படிச் செய்தால் பாத்தி முழுவதும் ஒன்றுபோல மொட்டு வைத்து, ஒரே வாரத்தில் அறுவடைக்கு வரும்.

அந்தத் துணியை இழுப்பதுதான் என் அம்மாவின் வேலை. மற்றவர்களுக்கு எட்டு மணி நேரக் கூலி. அம்மாவுக்குக் காலையும் மாலையும் துணி இழுப்பதற்குத் தனியாகக் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பார்கள். அந்தக் ‘கொஞ்சம்’தான் என் பஸ் பாஸும் ரெக்கார்டு நோட்டும்.

2023 மே மாதம், நாலாம் செமஸ்டர் முடிந்து லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் முகம் சரியில்லை. கேட்டால், “ஒண்ணுமில்லடா” என்றார். இரண்டு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அக்காதான் விஷயத்தைச் சொன்னார். கிழக்குக் கோடியில் ஒரு பாத்தியில் சுமார் 400 செடி மொட்டே வைக்கவில்லையாம். மற்ற பாத்திகளில் பூ நிறம் காட்டத் தொடங்கியும், இவை மட்டும் இலையாகவே நிற்கின்றனவாம். சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும், “துணியை ஒழுங்கா இழுக்கத் தெரியாதா? கண்ணு தெரியலைன்னா வீட்ல இரு” என்று சொல்லிவிட்டாராம். பத்து நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு, அம்மாவைத் துணி வேலையிலிருந்து எடுத்துக் களை பிடுங்க அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அதைவிட வலித்தது அம்மா சொன்ன வார்த்தை. “ஒருவேளை நான்தான் சரியா இழுக்கலையோ என்னவோடா. வயசாகுதில்ல...”

தப்பே செய்யாத மனுஷி தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் அம்மாவோடு நானும் பண்ணைக்குப் போனேன். முதலாளியிடம், “சார், நான் டிப்ளமோ படிக்கிறேன். ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்று கேட்டேன். அவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பார்த்துக்கோ” என்றார்.

முதலில் கண்ணில் பட்டது மொட்டு வைக்காத இடத்தின் வடிவம். துணி ஓரத்தில் இடைவெளி இருந்தால், ஓரம் நெடுகக் கோடு போலத்தான் செடி கெட்டிருக்க வேண்டும். இங்கே அப்படி இல்லை. கிழக்குச் சுவரிலிருந்து உள்நோக்கி விசிறி போல விரிந்திருந்தது. அந்த விசிறியின் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில், நிஜமாகவே ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது!

அந்த ஃபேன் எதற்கு என்று சொல்ல வேண்டும். வெயில் இறங்காத ஐந்து மணிக்குக் கறுப்புத் துணியை மூடினால் உள்ளே அடுப்பு மாதிரி கொதிக்கும். சூடு அதிகமானால் இருட்டு இருந்தும் சாமந்தி பூக்கத் தாமதிக்கும். அதனால் கூடாரம் சுவரோடு சேரும் இடத்தில் 18 அங்குல ஃபேன் இரண்டு வைத்திருந்தார்கள். தெர்மோஸ்டாட் சொல்லும்போது அவை ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். ஃபேனுக்கு வெளியே தகட்டு இதழ்களால் ஆன ஷட்டர். காற்று தள்ளும்போது இதழ் திறக்கும், ஃபேன் நின்றால் தானாக விழுந்து மூடிக்கொள்ளும்.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். “நானே ராத்திரி உள்ள போய்ப் பார்த்தேன் தம்பி. ஃபேனை ஆஃப் பண்ணிட்டு நிதானமா பார்த்தேன். சொட்டு வெளிச்சம் இல்ல. துணி இழுத்ததுலதான் தப்பு.”

‘ஃபேனை ஆஃப் பண்ணிட்டு...’ அந்த வார்த்தை என் மண்டையில் மாட்டிக்கொண்டது.

அன்று இரவு எட்டு மணிக்கு நானும் அம்மாவும் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தோம். வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக நேரம் பிடிக்கும். உடனே பார்த்தால் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். இருபது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தோம். கொசு பிடுங்கி எடுத்தது. நிஜமாகவே சொட்டு வெளிச்சம் இல்லை. அம்மா பெருமூச்சு விட்டார்.

திடீரென்று ‘டிக்’ என்று ஒரு சத்தம். தெர்மோஸ்டாட் ஃபேனை ஓட்டியது. ஷட்டர் இதழ்கள் படபடவென்று திறந்தன. திறந்த இதழ்களின் நடுவே, வெள்ளைக் கத்தி போல ஒளி உள்ளே பாய்ந்து அந்தப் பாத்தியின் மேல் விழுந்தது!

அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் பேசவில்லை.

வெளியே ஓடிப் பார்த்தேன். பேக்கிங் ஷெட் முன்னால் கம்பத்தில் புது எல்.இ.டி. ஃபிளட் லைட். ஏப்ரல் ஆரம்பத்தில் மோட்டார் திருட்டுப் பயத்தில் போட்டதாம். அதற்கு முந்தைய இரண்டு அறுவடையிலும் இதே அம்மா, இதே துணி, இதே ஃபேன்தான். எந்தக் குறையும் இல்லை. புதிதாக வந்தது விளக்கு ஒன்றுதான். இன்னொரு ஃபேனுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி மறைத்ததால் அந்தப் பக்கம் தப்பித்தது. என் செல்போனில் வெளிச்சத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். முதல் வரிசையில் 40 லக்ஸ் காட்டியது. சுமாரான கணக்குதான் என்றாலும், முழு நிலா வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். செடி பூக்கக் கூடாது என்பதற்காக நாமே நடு இரவில் பல்பு எரிக்கிறோம் அல்லவா? அந்த வேலையைத்தான் இந்த விளக்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. விட்டு விட்டு விழுந்தாலும் போதும், செடி ஏமாந்துவிடும்.

‘விளக்கை அணைத்துவிட்டால் முடிந்தது, இதற்கு ஒரு டிப்ளமோவா?’ என்பீர்கள். முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. “மோட்டார் போனா நீ வாங்கித் தருவியா?” என்றார். நியாயம்தான். சரி, விளக்கும் இருக்க வேண்டும், காற்றும் போக வேண்டும், இருட்டும் கெடக்கூடாது. இதுதான் எனக்குக் கிடைத்த ப்ராப்ளம். எந்தக் கேள்வித்தாளிலும் இவ்வளவு சுத்தமான கேள்வி வந்ததில்லை.

மறுநாளே சூப்பர்வைசர் ஃபேன் வாயில் சாக்கை அடைத்துவிட்டார். மாலை ஆறு மணிக்கு உள்ளே தெர்மாமீட்டர் 38 டிகிரி காட்டியது. சாக்கு வெளியே வந்தது.

அடுத்து நான் இறங்கினேன். ஃபேனுக்கு வெளியே ஒரு ஜி.ஐ. தகட்டைக் குறுக்கே நிறுத்தினேன். நேர் ஒளி நின்றது, ஆனால் தகட்டின் பளபளப்பில் பட்டுத் தெறித்த ஒளி சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது. அப்போதுதான் ஒரு சின்ன உண்மை புரிந்தது. ஒளி நேர்கோட்டில் போகும், காற்று வளைந்து போகும். இரண்டையும் பிரிக்க வளைவு வேண்டும். ஆனால் வளைவு மட்டும் போதாது, வளைவில் மோதும் ஒளி அங்கேயே சாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பளபளத் தகடு விழுந்த ஒளியில் பாதியைத் திருப்புகிறது என்றே வைத்துக்கொள்வோம். மூன்று முறை மோதினாலும் எட்டில் ஒரு பங்கு மிச்சம். நல்ல மங்கல் கறுப்புப் பெயின்ட் நூற்றுக்குச் சுமார் 5 பங்குதான் திருப்பும். அதில் மூன்று முறை மோதினால் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் மிஞ்சும். பெயின்ட் கடையில் மங்கல் கறுப்பு என்று கேட்டால் ஏதேதோ எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் எனக்குத் தோன்றியது நம் வகுப்பறைக் கரும்பலகை! பளபளக்கவே கூடாது என்று செய்த பெயின்ட் அது. மூன்று வருஷம் அதைப் பார்த்துக் கொட்டாவி விட்டிருக்கிறேன், அதன் அருமை அன்றுதான் தெரிந்தது.

ப்ளைவுட்டில் ஒரு பெட்டி செய்தேன். காற்று ஃபேனிலிருந்து வெளியே வந்து எதிர்ப் பலகையில் மோதி, கீழே திரும்பி, ஒரு தடுப்பைச் சுற்றி மறுபடி திரும்பி, விளக்குக்கு எதிர்ப்பக்கம் வெளியேறும். உள்ளே முழுக்கக் கரும்பலகைப் பெயின்ட். இரவு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். அட்டகாசமான இருட்டு! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மறுநாள் மாலை அம்மா சொன்னார். “இருட்டு சரிடா. ஆனா உள்ள மூச்சு முட்டுது.” ஃபேன் ஓடியது, காற்று போகவில்லை. பெட்டிக்குள் நான் விட்டிருந்த வழி 24 அங்குல அகலம், 4 அங்குல இடைவெளி. அதாவது 96 சதுர அங்குலம். 18 அங்குல ஃபேனின் வாய் ஏறக்குறைய 254 சதுர அங்குலம். இதில் பாதி கூட நான் விடவில்லை! ஹைட்ராலிக்ஸ் பாடத்தில் வளைவு இழப்பு என்று எழுதி மார்க் வாங்கினேனே தவிர, அது என் அம்மாவின் மூச்சு என்று அன்று தெரியவில்லை. இடைவெளியை 16 அங்குலமாக்கினேன். 384 சதுர அங்குலம், ஃபேன் வாயைப் போல ஒன்றரை மடங்கு. பெட்டி பீரோ மாதிரி ஆனது. சூடு இறங்கியது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. காற்று நன்றாக வெளியே போகத் தொடங்கியதும், எதிர்ப்பக்கத் துணி உள்நோக்கி உறிஞ்சப்பட்டு, இரண்டு துணிகள் சேரும் இடம் வாய் பிளந்தது. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வரவும் வழி வேண்டுமே! நாம் வழி விடாவிட்டால் காற்று தானே வழி செய்துகொள்ளும், அந்த வழியில் வெளிச்சமும் கூடவே வரும். இதை முதலில் பார்த்துச் சொன்னதும் அம்மாதான். “ஃபேன் ஓடும்போதெல்லாம் துணி வயித்தை எக்குது பாருடா” என்றார். ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிய V வடிவச் சட்டங்களால் உள்வரும் காற்றுக்கும் ஒரு வழி செய்தேன். துணி எக்குவது நின்றது.

இன்னொரு அசட்டுத்தனத்தையும் ஒப்புக்கொள்கிறேன். இருட்டில் வேலை பார்க்க டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொண்டு போனேன். மாமா முன்பு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். அங்கே இருட்டறையில் சிவப்பு பல்புதான் எரியும். ‘சிவப்பு பாதுகாப்பு’ என்று மனதில் பதிந்துவிட்டது. பிறகு லைப்ரரியில் படித்தபோது தலையில் அடித்துக்கொண்டேன். போட்டோ பேப்பருக்குச் சிவப்பு தெரியாது, அதனால் அங்கே அது பாதுகாப்பு. செடிக்கோ, இரவைக் கலைக்கச் சிவப்பைப் போல வல்லமையுள்ள நிறம் வேறில்லை. பைட்டோகுரோம் என்ற நிறமிதான் செடியின் கண். போர்த்விக், ஹென்றிக்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் 1952-இல் லெட்டூஸ் விதையை வைத்து இந்தச் சிவப்பு ரகசியத்தைக் காட்டினார்கள். அதற்கும் முன்னால் கார்னர், அலார்ட் என்ற இருவர் புகையிலையையும் சோயாவையும் பகலிலேயே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்து எடுத்து, பூப்பதைத் தீர்மானிப்பது நாளின் நீளம் என்று 1920-இல் எழுதினார்கள். அவர்கள் கொட்டகையிலும் யாரோ ஒருவர் தினமும் கதவைத் திறந்து மூடியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலையில் அடுத்த நடவுக்குத் துணி மூடத் தொடங்கினார்கள். நாலாவது வாரம் நான் ஹாஸ்டலில் இருந்தேன். அம்மா போன் செய்தார். “கோடிப் பாத்தியிலயும் மொட்டு வெச்சிருச்சுடா.” அவ்வளவுதான் சொன்னார். குரல் உடைந்திருந்தது. எனக்கும்தான்.

ப்ளைவுட் மழையில் ஊறி உப்பும் என்று தெரிந்ததால், இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொண்டோம். நாங்கள் நாலு பேர். “ரோபோ, டிரோன்னு எல்லாரும் பறக்கறாங்க, நீங்க பெட்டி செய்யறீங்களா?” என்று சில நண்பர்கள் சிரித்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் 24 கேஜ் தகட்டை வெட்டி, மடக்கி, ரிவெட் அடித்தோம். ரிவெட் ஓட்டையிலும் ஒயர் போகும் ஓட்டையிலும் ஒளி கசிந்தது. எம்-சீல் வைத்து அடைத்தோம். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே பஞ்சுப் பட்டை ஒட்டினோம். 2024 மார்ச்சில் இரண்டு ஃபேனுக்கும் மாட்டினோம். வைவாவில் எக்ஸ்டெர்னல் சார், “வெளிச்சம் வரலைன்னு எப்படி டெஸ்ட் பண்ணீங்க?” என்று கேட்டார். “இருபது நிமிஷம் உட்கார்ந்து, ஃபேனை ஓட விட்டுப் பார்த்தோம் சார்” என்றேன். சிரித்துவிட்டு மார்க் போட்டார்.

சரி, அம்மாவின் கதை? பிடித்த பத்து நாள் கூலி திரும்பி வரவில்லை. மன்னிப்பும் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஜூலையில், சூப்பர்வைசர் ஒரு நாள் களை பிடுங்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் வந்து, “அக்கா, நாளையிலிருந்து துணியை நீங்களே பார்த்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதுவரை ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ‘அக்கா’ என்ற சொல்லில் என்ன இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியும். இப்போது மாதம் ஒருமுறை பெட்டிக்குள் படியும் தூசியை ஈரத் துணியால் துடைப்பதும் அம்மாதான். தூசி படிந்தால் கறுப்பு சாம்பலாகிவிடும், சாம்பல் நிறம் ஒளியைத் திருப்பும் என்று புதிதாக வரும் பெண்களுக்கு அவரே பாடம் எடுக்கிறார்.

நண்பர்களே, நாளை நாமும் ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராகப் போய் நிற்போம். ஏதாவது கெட்டுப்போனால் நம் விரல் சட்டென்று கடைசியில் நிற்கும் கூலியாளை நோக்கி நீளும். அது சுலபம், அவர் எதிர்த்துப் பேசமாட்டார். அப்போது என் அம்மா சொன்னதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

“யார் மேல தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி, ஃபேனைப் போட்டுப் பாருடா!”



— இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை